வாணவேடிக்கையா, தீமூட்டமா, ட்ரோனா? விழாக்குழுவுக்கு ஓர் ஒப்பீடு

விழாக்குழுக் கூட்டங்களில் இந்தப் பேச்சு கடைசி பத்து நிமிஷத்தில்தான் வரும். மேடை, ஒலிபெருக்கி, குடிநீர், கழிப்பறை எல்லாம் முடிந்து ஆட்கள் எழுந்திருக்கும் நேரத்தில் யாராவது ஒருவர், "சரி, கடைசியில வாணம் விடுறோமா, இல்லையா?" என்பார். எழுந்தவர்கள் மறுபடி உட்காருவார்கள். வாணம் இல்லாமல் என்ன விழா என்று ஒரு கட்சி. புகை, சத்தம், வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது என்று இன்னொரு கட்சி. "பேசாம பெருசா ஒரு தீ மூட்டிடலாம், அது இயற்கையானதுதானே" என்று நடுவில் ஒருவர் சமாதானம் பேசுவார். இளவட்டம் ஒன்று போனை நீட்டி ட்ரோன் வீடியோவைக் காட்டும்.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: இதில் எது சுற்றுச்சூழலுக்குக் குறைந்த கேடு? விழா எங்கே நடக்கிறது என்று சொல்லாமல் கேட்டால் இதற்குப் பதிலே கிடையாது. ஏரிக்கரைக்கு ஒரு பதில், அடுக்குமாடிகளுக்கு நடுவே இருக்கும் மைதானத்துக்கு வேறொரு பதில். எல்லோரும் மேலே போவதையே பார்க்கிறார்கள். நான் முதலில் கேட்பது, போனது எங்கே இறங்கும் என்று.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் ஒரு அளவுகோலைக் கழித்துவிடுகிறேன். "கார்பன் எவ்வளவு?" என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். வாணத்தைத் தூக்கி வெடிக்கவைக்கும் கருமருந்து என்பது சுமாராக 75 சதவீதம் வெடியுப்பு, 15 சதவீதம் கரித்தூள், 10 சதவீதம் கந்தகம். நூறு கிலோ மருந்து எரிகிறது, அத்தனையும் கருமருந்துதான் என்று வைத்துக்கொள்வோம். அதில் கரி 15 கிலோ. முழுவதும் எரிந்தாலும் வருவது 55 கிலோ கரியமில வாயு. ஏறத்தாழ 24 லிட்டர் பெட்ரோல் எரிவதற்குச் சமம். பசையும் காகிதக்கூடும் எரிவதைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். பார்க்க வந்த கூட்டத்தின் வண்டிகள் அதைவிடப் பல மடங்கு எரித்திருக்கும். கார்பனைக் குறைக்க நினைக்கும் குழு பேருந்துக்கு ஏற்பாடு செய்யட்டும். வாணத்தின் மேல் அந்தப் பழியைப் போடுவதில் பெரிய பயன் இல்லை.

வாணவேடிக்கையின் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. அதனால் நான் பார்ப்பது இந்த ஐந்து விஷயங்கள்:

- மூச்சு: எவ்வளவு நுண்துகள், எந்த உயரத்தில், எத்தனை மணி நேரம், யார் மூக்கருகே.
- தண்ணீரும் மண்ணும்: என்னென்ன வேதிப்பொருள் எங்கே விழுகிறது.
- சத்தமும் உயிர்களும்: பறவை, விலங்கு, கைக்குழந்தை, முதியவர்.
- தீ விபத்து: காற்று திரும்பினால் என்ன ஆகும்.
- மறுநாள் காலை: யார் கூட்டுவது, எதை எங்கே கொட்டுவது.

கடைசியாகச் சொன்னதை யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை. மறைவான செலவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

## வழக்கமான வாணவேடிக்கை

வானத்தில் பார்க்கும் ஒவ்வொரு நிறமும் ஒரு உலோகம். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம், மஞ்சளுக்கு சோடியம், வெள்ளிப் பொறிக்கு அலுமினியமும் டைட்டானியமும். நீலம் இருப்பதிலேயே கஷ்டமான நிறம். அதற்குச் செம்பு மட்டும் போதாது, குளோரின் தரும் ஒரு பொருளும் வேண்டும், பி.வி.சி. தூள்கூட அதற்குப் பயன்படுகிறது. நிறம் மறைந்ததும் உலோகமும் மறைந்துவிடுவதில்லை. ஆக்சைடாக, குளோரைடாக, மிக நுண்ணிய தூளாக மாறிக் காற்றோடு நகர்ந்து எங்கேயோ படிகிறது.

அமெரிக்காவில் 1999 முதல் 2013 வரை 315 காற்றுக் கண்காணிப்பு நிலையங்களின் ஜூலை 4 சுதந்திர தினப் பதிவுகளை எடுத்து ஒரு ஆய்வு செய்தார்கள். அன்று மாலையிலிருந்து அடுத்த நாள் மாலை வரையிலான 24 மணி நேரத்தில் பி.எம். 2.5 என்னும், நுரையீரலுக்குள் போகும் அளவு சிறிய நுண்துகள் சராசரியாக 42 சதவீதம் கூடியிருந்தது. இரவு 9 முதல் 10 மணி வரைதான் உச்சம். வாணம் விட்ட இடத்தை ஒட்டியிருந்த ஒரு நிலையத்தில் 24 மணி நேரச் சராசரியே 370 சதவீதம் ஏறியது. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நாடு முழுக்கப் பார்த்தால் அது ஒரு ராத்திரிப் பிரச்சினை. பக்கத்துத் தெருவில் ஆஸ்துமாவோடு படுத்திருப்பவருக்கு அந்த ராத்திரியே போதும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த வழிகாட்டு அளவு, 24 மணி நேரத்துக்குக் கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். ஏற்கெனவே அதைத் தாண்டி நிற்கும் ஊரில் இது எரிகிற கொள்ளியில் எண்ணெய்.

வாணத்துக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். ஷெல் என்பது குழாயிலிருந்து மேலே போய் வெடிக்கும் மருந்துக்கூடு. அதன் விட்டம் ஒரு அங்குலத்துக்குச் சுமார் 100 அடி என்பது உயரத்துக்கான கைக்கணக்கு. ஆறு அங்குல ஷெல் 600 அடியில் வெடிக்கும். மிதமான காற்று இருந்தால் அந்தப் புகை கலைந்து நீர்த்துப் போகும். காற்றே இல்லாத குளிர்ந்த இரவில், கீழே குளிர்ந்த காற்றும் மேலே வெதுவெதுப்பான காற்றும் மூடிபோல் அமர்ந்திருந்தால், அதே புகை எங்கும் போகாமல் தெருவில் இறங்கிவிடும். அப்படிப்பட்ட ராத்திரியில் பத்தாவது ஷெல்லுக்குப் பிறகு நிறமும் சரியாகத் தெரியாது. புகைக்குள் ஒரு வெளிச்சம் மினுங்கும், சத்தம் மட்டும் முழுசாக வரும். காசும் போச்சு, காற்றும் போச்சு.

தண்ணீர் விஷயம் இதைவிட மோசம், ஆனால் யார் கண்ணிலும் படுவதில்லை. வண்ண மருந்துகளில் ஆக்சிஜன் தருவதற்காகப் பொட்டாசியம் பெர்குளோரேட் சேர்க்கிறார்கள். அது தண்ணீரில் எளிதாகக் கரையும், தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்தின் அடா நகரில் ஒரு ஏரியை 2004 முதல் 2006 வரை வாணவேடிக்கைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். வேடிக்கை முடிந்த 14 மணி நேரத்துக்குள் பெர்குளோரேட் வழக்கமான அளவைப்போல் 24 மடங்கிலிருந்து 1,028 மடங்கு வரை ஏறியிருந்தது. பழைய நிலைக்குத் திரும்ப 20 முதல் 80 நாள் பிடித்தது. இருபது நிமிஷ வேடிக்கைக்கு இரண்டரை மாதம். ஏரிக்குமேல் வாணம் விட்டால் தீப்பிடிக்கும் பயம் இல்லை, பிரதிபலிப்பும் அழகு என்று சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். அந்த ஏரித் தண்ணீரை யாராவது குடிக்கிறார்களா என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள்.

சத்தத்துக்கு வருகிறேன். நெதர்லாந்தில் வானிலை ராடாரை வைத்துப் புத்தாண்டு இரவுகளை ஆராய்ந்தபோது, அந்த ஒரு இரவில் வானில் இருந்த பறவைகள் வேறு இரவுகளைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு. வெடிச் சத்தத்திலிருந்து 10 கிலோமீட்டர் தூரம் வரை அந்தப் பதற்றம் தெரிந்தது. குளிர்காலத்தில் ஒவ்வொரு கிராம் கொழுப்பையும் சேமிக்க வேண்டிய வாத்துகள் நள்ளிரவில் எழுந்து பறக்கின்றன. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து பீபி என்ற சிற்றூரில் 2010-ன் கடைசி இரவில் ஆயிரக்கணக்கான செந்தோள் கரும்பறவைகள் கூரைகளிலும் சாலைகளிலும் செத்து விழுந்தன. வெடிச் சத்தத்தால் கூட்டமாகக் கிளம்பி, இருட்டில் திசை தெரியாமல் வீடுகளிலும் கம்பங்களிலும் மோதின என்பதுதான் அதிகாரிகள் கண்ட காரணம்.

மறுநாள் காலை மைதானத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அரைக்கோளமாகப் பிளந்த அட்டைக்கூடுகள், கருகிய திரித்துண்டுகள், விரல் கனத்தில் களிமண் அடைப்புகள், நசுங்கிய பிளாஸ்டிக் மூடிகள். ஒரு விழாவுக்குப் பிறகு நான்கு பேராகச் சேர்ந்து பொறுக்கினோம். புல்லுக்குள் நாவல்பழம் அளவில் ஒரு உருண்டை கிடந்தது. ஏதோ விதை என்று கையில் எடுத்தேன். பக்கத்திலிருந்த வாணக்காரர் கையைத் தட்டிவிட்டார். எரியாமல் விழுந்த வண்ண மருந்து உருண்டை அது. நமுத்துப்போனதுபோல் இருக்கும், வெயிலில் காய்ந்தால் பிடித்துக்கொள்ளும் என்றார். அந்த மைதானத்தில் எட்டு மணிக்குப் பிள்ளைகள் விளையாட வருவார்கள். எங்கள் ஒப்பந்தத்தில் துப்புரவு என்று ஒரு வரிகூட இல்லை.

எப்போது இதுவே சரி: வீடுகளிலிருந்தும் நீர்நிலையிலிருந்தும் தள்ளி, தரை ஈரமாக, காற்று மிதமாக, பறவைகள் அடையாத திறந்த வெளி. இன்னொன்றும் உண்டு. ஊருக்கு ஒரு பொது வேடிக்கை இருப்பதால் வீட்டு வாசல் வெடிகள் குறைகிற ஊர் என்றால், அந்த ஒன்றை ரத்து செய்வது நஷ்டத்தில் முடியலாம். வீட்டு வெடிகள் தரைமட்டத்தில், மூக்கருகே, கட்டுப்பாடில்லாமல், விடிய விடிய வெடிக்கும்.

## சத்தம் குறைந்த, புகை குறைந்த வாணவேடிக்கை

இது நடுவழி. ஆனால் இரண்டு வேறு விஷயங்களை ஒரே பெயரில் விற்கிறார்கள்.

சத்தம் குறைந்தது என்றால் உடைக்கும் மருந்து குறைவு, அல்லது வெடிப்பே இல்லாமல் வால் நட்சத்திரம்போல் எழுந்து எரிவது. இத்தாலியில் பார்மாவுக்குப் பக்கத்துக் கொலெக்கியோ என்ற ஊர் விலங்குகளை மனதில் வைத்து இந்த வகையைத்தான் வேண்டும் என்றது. கலாபகோஸ் தீவுகளில் 2018 டிசம்பரிலிருந்து சத்தமிடும் வாணங்கள் விற்பதற்கும் விடுவதற்கும் தடை. நாய்க்கும் பறவைக்கும் கைக்குழந்தைக்கும் இது நிஜமான நிவாரணம். ஆனால் நிறத்துக்கு அதே ஸ்ட்ரான்சியமும் பேரியமும்தான். தாழ்வாக எரிவதால் புகையும் தாழ்வாகவே வரும். "சத்தமில்லை, ஆகவே மாசில்லை" என்று விற்பனையாளர் சொன்னால் நம்பாதீர்கள்.

புகை குறைந்தது என்பது மருந்தையே மாற்றுவது. நைட்ரஜன் மிகுந்த சேர்மங்களைப் பயன்படுத்தினால் புகையும் பெர்குளோரேட்டின் தேவையும் குறையும். கருமருந்தால் ஷெல்லைத் தூக்குவதற்குப் பதில் அழுத்தக் காற்றால் தூக்கும் முறையை டிஸ்னிலாண்ட் 2004-ல் கொண்டுவந்தது. தரையருகே எழும் புகை அதனால் வெகுவாகக் குறைகிறது. இந்தியாவில் நீரி ஆய்வகம் உருவாக்கிய பசுமைப் பட்டாசுகளுக்கு 30 சதவீதம் துகள் குறைவு என்பது இலக்கு. முப்பது குறைவு என்றால் எழுபது பாக்கி. பெயரில் பசுமை இருக்கிறதே என்று இரண்டு மடங்கு வாங்கிக் கொளுத்தினால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எப்போது இதுவே சரி: மருத்துவமனை, முதியோர் இல்லம், கால்நடைத் தொழுவம் அருகில் இருந்து, கூட்டத்துக்கும் வானத்தில் ஏதாவது வேண்டும் என்கிறபோது. பார்வையாளர்கள் அருகில் நிற்க வேண்டும். அரை கிலோமீட்டர் தள்ளி நின்றால் ஒன்றும் தெரியாது.

## தீமூட்டம்

"இயற்கையானது" என்ற சொல் அதிகம் ஏமாற்றுவது இங்கேதான். ஒரு டன் காய்ந்த விறகு எரிந்தால் ஒன்றரை டன்னுக்கும் மேல் கரியமில வாயு. அந்த மரம் மக்கினாலும் அது வெளியே வரத்தான் போகிறது என்பது நியாயமான வாதம். ஆனால் மக்குவதற்குப் பல வருஷம், எரிவதற்கு ஒரு ராத்திரி. கார்பனை ஏற்கெனவே ஒதுக்கிவிட்டோம் என்பதால் அதை விடுங்கள். துகளைப் பாருங்கள். திறந்தவெளியில் விறகு எரியும்போது கிலோவுக்குச் சில கிராம் நுண்துகள் வரும். ஒரு டன்னுக்குச் சில கிலோ. வாணம் இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். தீ நாலைந்து மணி நேரம் எரியும், அப்புறம் விடியும்வரை புகையும். அந்தக் கடைசிப் புகைதான் கொடுமை. ஜுவாலை இருக்கும்வரை சூடு புகையை மேலே தூக்கும். அணைந்தும் அணையாமலும் கனலும்போது சூடு இருக்காது. அரைகுறையாக எரிந்த புகை ஆள் உயரத்தில் தவழ்ந்து பக்கத்துத் தெருவுக்குள் போகும். விழாக்குழு அந்நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்.

எதை எரிக்கிறோம் என்பது அடுத்தது. பெரிய தீ என்று அறிவித்த மறுநாளிலிருந்து ஊரே பழைய சாமான்களைக் கொண்டுவந்து கொட்டும். வண்ணம் பூசிய கதவு, ஒட்டுப்பலகை அலமாரி, பஞ்சு மெத்தை, டயர். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். கரையான் அரிக்காமலிருக்க மருந்தேற்றிய மரத்தில் செம்பு, குரோமியம், ஆர்செனிக் இருக்கலாம். எரித்தால் ஆர்செனிக்கில் ஒரு பகுதி புகையோடு போகும், மீதி சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலைத் தோட்டத்துக்கு உரம் என்று யாராவது அள்ளிப்போவார்கள்.

சரக்குப் பலகைகளில் ஒரு கவனம் வேண்டும். நாடு விட்டு நாடு போகும் பலகைகளின் பக்கவாட்டில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்றிருந்தால் சூடாக்கிப் பூச்சியைக் கொன்றது. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகைமூட்டம் போட்டது. அதைத் தள்ளி வைத்துவிடுங்கள். இரண்டிலும் ஆணி இருக்கும். ஒரு முறை மணலில் மூட்டிய தீக்குப் பிறகு ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டிச் சாம்பலில் இழுத்தோம். ஒவ்வொரு இழுப்பிலும் முள்ளம்பன்றிபோல் ஆணி ஒட்டிக்கொண்டு வந்தது. மதியம்வரை இழுத்தும் தீரவில்லை. அந்த மணலில் செருப்பில்லாமல் நடப்பவர்கள் வருஷம் முழுக்க வருவார்கள்.

தீயின் அளவுதான் மற்ற எல்லா ஆபத்துக்கும் ஆணிவேர். நெதர்லாந்தில் ஸ்கேவெனிங்கன் கடற்கரையில் 2018-ன் கடைசி இரவுக்கு அடுக்கிய பலகைக் கோபுரம், 35 மீட்டர் என்று பேசியிருந்தும் 48 மீட்டரைத் தொட்டது. கடற்காற்று ஊர்ப் பக்கம் திரும்ப, தீப்பொறிகள் சுழன்று மழைபோல் வீடுகள்மேல் கொட்டின. பல இடங்களில் தீப்பிடித்தது. அந்த விவகாரத்தில் அடுத்த வருஷம் தி ஹேக் மேயர் பதவி விலகினார். தீ வைப்பதற்கு முன்பே கோபுரம் உயிரை எடுத்ததும் உண்டு: 1999 நவம்பர் 18 அதிகாலை, டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் அடுக்கிக்கொண்டிருந்தபோதே மரக்கட்டைகள் சரிந்து 12 பேர் இறந்தார்கள், 27 பேர் காயமடைந்தார்கள்.

அடுக்கி நாலு நாள் விட்டுவைத்த விறகுக் குவியலை ஓணானும் தவளையும் முள்ளெலியும் வீடாக எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கமாகத் தீ வைத்தால் மறுபக்கமாக ஓடிவிடும் என்று நம்புவது மனிதர்களின் சௌகரியத்துக்காக. விறகைத் தனியாக வைத்திருந்து, மூட்டும் நாளில் வேறு இடத்தில் அடுக்குவது ஒன்றே வழி. தீ எரிந்த தரையில் மேல்மண் உயிர்கள் வெந்துபோகும், சாம்பலின் காரத்தால் அந்த வட்டத்தில் சில பருவங்களுக்குப் புல் சரியாக முளைக்காது. தரையிலிருந்து உயர்த்திய இரும்புத் தொட்டியில் மூட்டினால் இந்த ஒரு குறையாவது தீரும்.

எப்போது இதுவே சரி: ஆட்கள் சுற்றி உட்கார்ந்து பேசுவதற்காக, பிள்ளைகள் கை நீட்டிச் சூடு காய்வதற்காக மூட்டும் சின்னத் தீ. நன்றாக உலர்ந்த, எதுவும் பூசாத விறகு. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே. இரண்டு கட்டைகளைத் தட்டினால் 'டங்'கென்று மணிபோல் சத்தம் வர வேண்டும், 'தொப்'பென்று வந்தால் ஈரம். இந்த அளவில் தீமூட்டத்துக்குச் சத்தமும் இல்லை, நிறமருந்தும் இல்லை. மூவாயிரம் பேர் தூரத்தில் நின்று பார்க்கும் கோபுரமாக அதைப் பெரிதாக்கும்போதுதான் எல்லாம் கெடுகிறது.

## ட்ரோன் காட்சி

காற்றுக்கு இது ஏறத்தாழ ஒன்றுமே செய்வதில்லை. ஒரு ட்ரோன் பேட்டரியின் கொள்ளளவு 50 வாட்-மணி என்று வைத்துக்கொண்டால் 500 ட்ரோனுக்கு 25 யூனிட் மின்சாரம். ஒத்திகைக்கு இன்னொரு 25. சத்தம் தேனீக்கூட்ட இரைச்சல் அளவுதான். 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் 1,218 ட்ரோன்கள் பறந்த காட்சியைப் பார்த்தவர்கள், இனி வாணத்துக்கு வேலையில்லை என்றே முடிவு கட்டினார்கள். அந்தக் காட்சி முன்கூட்டியே படமாக்கி ஒளிபரப்பியது. முன்கூட்டி எடுக்கும் வசதி ஏன் தேவைப்படுகிறது என்பதில்தான் ட்ரோனின் பலவீனம் இருக்கிறது.

காற்று வலுத்தால் பறக்காது, மழையில் பறக்காது. பறக்கவிட்டாலும் மாட்டிக்கொள்ளலாம். மெல்போர்னில் 2023 ஜூலையில் துறைமுக நீருக்குமேல் 500 ட்ரோன்களை ஏற்றினார்கள். மேலே காற்று எதிர்பார்த்ததைவிடப் பலமாக இருந்தது. பெரும்பாலானவை தண்ணீருக்குள் போய்விட்டன. ஒவ்வொன்றிலும் லித்தியம் பேட்டரி. முக்குளிப்பவர்களை இறக்கி எடுக்க வேண்டியதாயிற்று. தண்ணீருக்குமேல் பறக்கவிட்டால் யார் தலையிலும் விழாது என்பது சரிதான். அதே ஏரிக் கேள்வி இங்கேயும் திரும்பி வருகிறது, இந்த முறை பேட்டரியோடு.

பறவைகளுக்கு ட்ரோன் நல்லது என்பதும் பாதி உண்மை. கலிஃபோர்னியாவின் பொல்சா சிக்கா சரணாலயத்தில் 2021 மே மாதம் ஒரே ஒரு ட்ரோன் ஆலாக்கள் கூடுகட்டியிருந்த தீவில் விழுந்தது. பறவைகள் கூட்டமாகக் கிளம்பிப் போய்விட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் அப்படியே கைவிடப்பட்டன. அது விழாக் காட்சிகூட இல்லை, யாரோ ஒருவருடைய ட்ரோன். இனப்பெருக்க காலத்தில் கூடுகளுக்கு அருகே என்றால் எல்லாத் தெரிவும் ஒரே தரம்தான்.

மறைவான செலவு: மாற்றுத் தேதி. காற்றால் தள்ளிப்போனால் குழுவும் பெட்டிகளும் இன்னொரு நாள் தங்க வேண்டும். காட்சிக்குக் கீழே ஆள் நடமாட்டமில்லாத பெரிய வெற்றிடம் வேண்டும். விமானப் போக்குவரத்து அனுமதி வேண்டும். ட்ரோன்களை நூறு கணக்கில் வைத்திருக்கும் நிறுவனம் பக்கத்து ஊரில் இருக்காது; லாரியிலோ விமானத்திலோ வரும் அந்தப் பயணம்தான் இதன் உண்மையான புகை.

எப்போது இதுவே சரி: வீடுகள் நெருங்கிய நகரம், காற்று ஏற்கெனவே மோசமாக இருக்கும் காலம், புல் காய்ந்து தீ எச்சரிக்கை இருக்கும் மாதம்.

## லேசரும் ஒளிக்காட்சியும்

புகை இல்லை, குப்பை இல்லை, மருந்து இல்லை. ஆனால் இரவில் வலசை போகும் பறவைக்கு ஒளித்தூண் ஒரு பொறி. நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவாக 88 விளக்குகளால் எழுப்பும் இரட்டை ஒளித்தூணை ஏழு வருஷத்தின் ஏழு இரவுகளில் கவனித்தார்கள். சுமார் 11 லட்சம் பறவைகள் அதன் பாதிப்புக்கு ஆளானதாகக் கணக்கிட்டார்கள். வட்டமடித்து வட்டமடித்துச் சோர்கின்றன. நல்ல சேதி என்னவென்றால், விளக்கை அணைத்ததும் கலைந்து தன் வழியே போய்விடுகின்றன. அதனால் பறவைகள் ஆயிரத்தைத் தாண்டினால் அங்கே சுமார் 20 நிமிஷம் அணைத்துவைக்கிறார்கள். பெர்குளோரேட்டையோ சாம்பலையோ அப்படிச் சுவிட்சைத் தட்டி நிறுத்த முடியாது.

கட்டடச் சுவரில், அணையில், பாறையில் படம் விழச் செய்யும் காட்சியில் இந்தப் பிரச்சினையும் குறைவு. ஒளி ஒரு பரப்பில் முட்டி நின்றுவிடுகிறது. வானத்தை நோக்கி வீசும் லேசருக்கு விமானிகளின் கண் என்ற இன்னொரு கவலை உண்டு, அனுமதி வாங்காமல் தொடக்கூடாது. மின் இணைப்பு இல்லாத மைதானத்தில் டீசல் ஜெனரேட்டர் ஓடும் என்பதை ஒப்பந்தக்காரர் தானாகச் சொல்ல மாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

எப்போது இதுவே சரி: வலசைக் காலம் இல்லாத, மின் இணைப்பும் ஒரு நல்ல சுவரும் இருக்கிற எந்த இடமும்.

## ஒரே பார்வையில்

| | வழக்கமான வாணம் | சத்தம் குறைந்த வாணம் | தீமூட்டம் | ட்ரோன் | ஒளிக்காட்சி |
|---|---|---|---|---|---|
| மூச்சு | சில மணி நேரம் கடுமை. காற்றில்லா இரவில் மிக மோசம் | கொஞ்சம் குறைவு, ஆனால் தாழ்வாக | அளவைப் பொறுத்தது. விடியும்வரை புகையும் | இல்லை | ஜெனரேட்டர் இருந்தால் மட்டும் |
| தண்ணீர், மண் | உலோகம், பெர்குளோரேட் | ஏறத்தாழ அதே | சாம்பல், ஆணி, வெந்த தரை | விழுந்தால் பேட்டரி | இல்லை |
| சத்தமும் உயிர்களும் | மிக மோசம் | வெகுவாகக் குறைவு | குவியலில் ஒளிந்த உயிர்கள் | கூடுகள் அருகே மோசம் | வலசைக் காலத்தில் மோசம் |
| தீ விபத்து | உண்டு | உண்டு | காற்று திரும்பினால் அதிகம் | குறைவு | இல்லை |
| மறுநாள் காலை | கூடு, பிளாஸ்டிக், எரியாத மருந்து | அதே வகைக் குப்பை | பாதி நாள் வேலை | விழாதிருந்தால் ஒன்றுமில்லை | ஒன்றுமில்லை |

பட்டியலில் இல்லாத ஒன்றையும் பலர் கேட்கிறார்கள்: காகித விளக்குகளை வானில் பறக்கவிடலாமா? வேண்டாம். எங்கே இறங்கும் என்று தெரியாத நெருப்பை யாரும் ஏற்றக்கூடாது. ஜெர்மனியில் கிரேஃபெல்ட் உயிரியல் பூங்காவின் குரங்கு மாளிகை 2020-ன் முதல் இரவில் அப்படி வந்து விழுந்த விளக்கால்தான் எரிந்தது. ஒராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சி என்று முப்பதுக்கும் மேற்பட்ட விலங்குகள் செத்தன.

## உங்கள் இடத்துக்கு எது

குடிநீர் ஏரி, சதுப்புநிலம், மீன்வளர்ப்புக் குளம் பக்கத்தில் என்றால் இரண்டு வகை வாணத்தையும் முதலிலேயே அடித்துவிடுங்கள். ட்ரோனையும் தண்ணீருக்குமேல் ஏற்றாதீர்கள், கரைக்குமேல் பறக்கட்டும். சுவர் கிடைத்தால் ஒளிக்காட்சிதான் என் முதல் தெரிவு.

அடுக்குமாடிகளுக்கு நடுவே என்றால் பெரிய தீ கூடாது, பெரிய ஷெல்லும் கூடாது. கூட்டத்துக்கும் ஷெல் குழாய்க்கும் இடையே ஒரு அங்குல விட்டத்துக்கு 70 அடி என்பது அமெரிக்கத் தீ பாதுகாப்பு விதி. ஆறு அங்குலத்துக்கு 420 அடி. மைதானத்தின் நடுவில் நின்று நாலு பக்கமும் அளந்து பாருங்கள். பாதி விவாதம் அந்த டேப்பிலேயே முடிந்துவிடும்.

திறந்த வயல்வெளி, அறுவடை முடிந்து மழையும் பெய்த தரை, அளவான காற்று, அருகில் பறவை அடையும் தோப்பு இல்லை என்றால் வாணம் விடுங்கள், நானும் வந்து பார்ப்பேன். இருபத்தைந்து நிமிஷத்துக்குப் பதில் எட்டு நிமிஷம் போதும். எந்தக் கூட்டமும் எட்டாவது நிமிஷத்துக்குப் பிறகு வானத்தைப் பார்ப்பதைவிடப் போனைப் பார்ப்பதே அதிகம். நீளத்தைக் குறைப்பதுதான் இந்தப் பட்டியலிலேயே மலிவான சுற்றுச்சூழல் நடவடிக்கை. அதை எந்த விற்பனையாளரும் சொல்லித்தர மாட்டார்.

வாணமும் தீயும் இரண்டும் வேண்டும் என்று குழு அடம்பிடித்தால், பெரியதில் ஒன்று, சின்னதில் ஒன்று என்று முடியுங்கள். தொட்டியில் ஒரு சின்னத் தீ, மேலே எட்டு நிமிஷம். இரண்டையும் பெரிதாகச் செய்தால் தீயின் புகையே வாணத்தை மறைத்துவிடும்.

எதைத் தேர்ந்தாலும் கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தில் சில வரிகளை எழுதி வாங்குங்கள். காற்று எந்த வேகத்துக்குமேல் போனால் நிறுத்துவது, அதைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு. தள்ளிவைத்தால் எத்தனை நாளுக்குள் மாற்றுத் தேதி, அதற்குத் தனிக் கட்டணமா. ஷெல்லின் கூடு காகிதமா பிளாஸ்டிக்கா. தீ என்றால் கடைசிக் கனல் அணையும்வரை தண்ணீர் வண்டியோடு யார் நிற்பது, சாம்பல் எங்கே போகும். அப்புறம், விடிந்ததும் முதல் வெளிச்சத்தில் மைதானத்தை முழுசாக நடந்து பார்த்து, எரியாத உருண்டைகளைப் பொறுக்கித் தண்ணீர் வாளியில் போடும் வேலை வாணக்காரருடையது என்று ஒரு வரி. அதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.